மூன்றாவது கவளம்

ஜூன் 9

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

அன்றைக்கு என் மகன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள். நான். லிஃப்ட் மெக்கானிக்கான என் மகன். தையல் வேலை பார்க்கும் உங்கள் மகள், அதாவது என் மருமகள். அவர்கள் பெற்ற ஒரே பெண், நாம் இரண்டு பேரும் மிளகு என்று கூப்பிடுகிறவள். நீங்கள். மணையில் உட்கார்ந்து ஆகாரம் வாங்கிய சமணப் பெண் துறவி, நம் குரத்தியம்மா. அந்தம்மாவுக்குத் தண்ணீர்ச் சொம்பு தூக்கி வருகிற பெண். மொத்தம் ஏழு பேர். எட்டாவதாக ஒரு ஈ கூட உள்ளே வரவில்லை. ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தது நான்தான்.

உங்களோடு எனக்குப் பேச்சு இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன், எழுத்து கோணலாக இருக்கும். விஷயம் கோணல் இல்லை.

குரத்தியம்மா ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பிடுவார். தட்டு கிடையாது. இரண்டு கையையும் சேர்த்து ஏந்துவார், நாம் கவளம் கவளமாக வைக்க வேண்டும். தடை என்று ஒன்று வந்துவிட்டால் விரலை விரித்துவிட்டு எழுந்துவிடுவார். அப்புறம் மறுநாள் வரை ஒரு வாய்த் தண்ணீர் கூடக் கிடையாது. துறவிகளின் விதி இது. நம் இரண்டு வீட்டிலும் தொட்டில் பிள்ளைக்குத் தெரியும்.

மூன்றாவது கவளத்தில் விரல் விரிந்தது. பருப்பு தரையில் சிதறியது. ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, வெயிலில் செருப்பில்லாத காலோடு போய்விட்டார். முந்தின நாளும் உபவாசமாம். அவர் தெரு திரும்புவதற்குள் "ஐயோ, முடி!" என்று ஒரு குரல் வந்தது. அது உங்கள் குரல்.

உடனே உங்கள் மகள் என் பக்கம் திரும்பினாள். "அத்தை, உங்களுக்குப் பிடிக்கலைன்னா சொல்லிட்டுப் போங்க. அதுக்காக சோத்துலயா முடியைப் போடுவீங்க?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். ஏனென்றால் மிளகு துறவறம் போகக்கூடாது என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் நான்தான். ஆகாரம் முடிந்ததும் அவள் தீட்சை கேட்பதாக இருந்தது. கேட்கவே முடியாமல் போனது. சமைத்தவளும் நான். கணக்கு சரியாக வந்துவிட்டது, இல்லையா? சாயங்காலமே ஒரு பையில் நாலு புடவையைத் திணித்துக்கொண்டு என் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

இப்போது கேளுங்கள். பிஸ்கட் கம்பெனியில் பெல்ட்டில் ஓடி வருகிற பிஸ்கட்டில் உடைந்ததைப் பொறுக்கியே கிழவியானவள் நான். என் கண்ணைத் தாண்டி ஒரு முடி சோற்றில் போகாது. நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் அழுதுகொண்டிருந்தபோது நான் குனிந்து தரையைத் துடைத்தேன். மணைக்கடியில் அந்த முடி கிடந்தது. அடிப்பக்கம் நகமளவு வெள்ளை. மீதியெல்லாம் கரிக்கறுப்பு. என் தலை பஞ்சு மாதிரி வெளுத்து வருஷங்கள் ஆகிறது. உங்கள் மகளுக்கு நரையே இல்லை. அடி வெள்ளையும் மேல் கறுப்புமாக அந்தக் கூடத்தில் இருந்தது யார் தலை? உங்கள் குளியலறை அலமாரியில் பவுடர் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, அந்த டப்பா எதற்கு?

பேத்தி போகக்கூடாது என்று உங்களுக்கும் இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. காரியத்தை நீங்கள் செய்துவிட்டுப் பழியை என் தலையில் கட்டிவிட்டீர்கள்.

முடி பத்திரமாக இருக்கிறது. காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


ஜூன் 21

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவள் நான். எத்தனையோ பேர் கூண்டில் ஏறிச் சொன்னதை எழுத்து மாறாமல் அடித்திருக்கிறேன். கோபத்தில் சொல்லும் சாட்சியம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தங்களுடையது அந்த வகை.

மணைக்கடியில் கிடந்த முடி மணைக்கடியில் கிடந்தது, அவ்வளவுதான். அது உணவில் இருந்தது என்று அதனால் நிரூபணம் ஆகாது. "முடி" என்று நான் கத்தியது உண்மை. தரையில் அது கண்ணில் பட்டது, வேறென்ன காரணம் இருக்க முடியும் என்று வாயில் வந்துவிட்டது. ஆமாம், சாயம் அடிக்கிறேன். என் மகளுக்கே தெரியாததை எழுத்தில் வாங்கிவிட்டீர்கள். மனம் குளிர்ந்ததா?

நானும் ஒன்று கேட்கிறேன். குரத்தியம்மாவை வாசலில் எதிர்கொண்டபோது, ஆகாரம் கொடுப்பவர்கள் நால்வகைச் சுத்தம் சொல்ல வேண்டும். மனசு சுத்தம், வாக்கு சுத்தம், உடம்பு சுத்தம், ஆகாரம் சுத்தம். மாப்பிள்ளைதான் முதலில் சொன்னார், தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி. பிறகு என் மகள், நான், மிளகு. தாங்கள் உதட்டை மூடிக்கொண்டு நின்றீர்கள். கடைசியில் "ஆகாரம் சுத்தம்" என்று மட்டும் சொன்னீர்கள். என் காதில் விழுந்தது. மனசு சுத்தம் என்று சொல்ல வராதவர் சமைத்த சோற்றில் என்ன இருந்ததென்று நான் ஏன் சந்தேகப்படக்கூடாது?

தங்கள் காதுக்கு வந்ததோ என்னவோ, மழைக்காலம் முழுவதும் குரத்தியம்மா தங்கப்போவது என் தெருவுக்குப் பின்னால் இருக்கும் சிறிய மண்டபத்தில்தான். மிளகு காது பரிசோதனை நிலையத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு அவரோடு வந்துவிட்டாள். வெள்ளைச் சேலை கட்டியிருக்கிறாள். தண்ணீர் வடிகட்டுகிறாள், கூட்டுகிறாள், பாடம் கேட்கிறாள். இளைத்திருக்கிறாள். ஆனால் தீட்சை இன்னும் ஆகவில்லை.

எப்போது என்று கேட்டேன். "வீட்டுல எல்லாருடைய சம்மதமும் வரட்டும்" என்றார் குரத்தியம்மா.

"ஒருத்தரைத் தவிர எல்லாரும் கொடுத்தாச்சே" என்றேன்.

"அப்படியா?" என்றார்.

ஆகவே குழந்தை அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் நடுவில் நிற்பதற்குக் காரணம் தாங்கள்தான். வேண்டாம் என்றால் அவளை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். சரி என்றால் சரி என்று சொல்லுங்கள். முடியை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் யாருக்கு என்ன லாபம்?

இப்படிக்கு,
தங்கள் மருமகளின் அம்மா


ஜூலை 2

சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் அடித்த டைப் அப்படியே கடிதத்திலும் வருகிறது. படிக்கும்போது டக் டக் என்று கேட்கிறது.

மனசு சுத்தம் என்று நான் சொல்லவில்லை. சுத்தமாக இல்லை, அதனால் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலோடு நின்றேன். அதை மறைத்துக்கொண்டு ஒரு துறவியின் முகத்துக்கு நேரே பொய் சொல்லச் சொல்கிறீர்களா? சோறு சுத்தமாக இருந்தது, அதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேண்டாம் என்று நான் நடுக்கூடத்தில் வைத்துச் சொல்லியாகிவிட்டது. அதற்கப்புறம் சோற்றில் முடி போட எனக்கு என்ன தலையெழுத்து? வாயால் சொல்ல முடியாதவர்கள்தான் கையால் செய்வார்கள்.

என் சந்தேகம் உங்கள் மேல் மட்டும் என்று நினைக்காதீர்கள். அந்தம்மா மேலும் உண்டு. ஏன் என்று சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்தபோது ஒருத்தர் வந்தார். குரு என்றார்கள். எல்லாம் அறிந்தவர் என்றார்கள். வாசல் கொள்ளாத கூட்டம். வந்தவர் இவருடைய உச்சியில் கை வைத்து, கண்ணை மூடி, "காய்ச்சல் போயிடும்" என்றார். டாக்டர் வேண்டாம் என்று என் மாமியார் சொல்லிவிட்டார். காய்ச்சல் போகவில்லை. இவர் போனார். அந்த ஆள் கட்டியிருந்த துணியின் கரை எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. மன்னிக்கவும் இல்லை.

எனக்குத் தெரிந்த சமயம் இவ்வளவுதான். இருபத்துநான்கு பேர் ஆற்றைக் கடந்தார்கள். கடக்கிற துறை எது என்று காட்டினார்கள். அதனால்தான் தீர்த்தங்கரர் என்கிறோம். அப்புறம் போய்விட்டார்கள். கோயிலில் நிற்கிறார்களே, அவர்களிடம் போய் எனக்குப் பிள்ளை கொடு, வேலை கொடு என்று கேட்டால் கேட்டவள்தான் முட்டாள். கொடுக்கவும் மாட்டார்கள், கெடுக்கவும் மாட்டார்கள். கும்பிட்டாலும் ஒன்றுதான், திட்டினாலும் ஒன்றுதான். அதனால்தான் அவர்களை நம்புகிறேன். வாயும் கையும் உள்ள குரு என்றால்தான் எனக்கு மூக்கு வேர்க்கிறது. நல்ல சம்பளத்தில் இருந்த பெண், பெரிய பெரிய டாக்டர்களே கூப்பிட்டு மெச்சின பெண், ஒரு மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறாள் என்றால் யாரோ ஏதோ ஓதியிருக்க வேண்டும்.

நீங்கள் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். கண்கொத்திப் பாம்பாக இருந்து பாருங்கள். யாராவது எதையாவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்குகிறாரா? நம் வீட்டைப் பற்றி மிளகிடம் துருவுகிறாரா? உங்கள் முழங்கால் வலியைச் சொல்லித் தொட்டுவிடச் சொல்லுங்கள். கை வைத்தால், நூல் கட்டினால், தண்ணீர் ஓதிக் கொடுத்தால், அந்த நிமிஷமே மிளகைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கடைசியாக, அந்த முடி யாருடையது என்று கேளுங்கள். என் பெயரைச் சொன்னால், நம் வீட்டுச் சண்டையில் அந்தம்மா குளிர் காய்கிறார் என்று அர்த்தம்.

உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


ஜூலை 19

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தாங்கள் சொன்னதால் செய்யவில்லை. எனக்கே இருந்த சந்தேகத்தினால் செய்தேன்.

தினமும் போனேன். பொருள் கொண்டுவந்து நீட்டுகிறவர்களை, தேவைப்படுகிற யாருக்காவது கொடுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். அவருடையது என்று அந்த அறையில் இருப்பது ஒரு மயிற்பீலி, ஒரு சொம்பு, இரண்டு சேலை, புத்தகங்கள். உட்காருவதற்கு முன்னால் பீலியால் தரையை மெல்ல ஒதுக்குகிறார், எறும்பு ஏதாவது நசுங்கிவிடக் கூடாதாம். நம் வீட்டைப் பற்றி மிளகிடம் ஒரு கேள்வி கூடக் கேட்டு நான் பார்க்கவில்லை.

முழங்காலைச் சொன்னேன். "தாங்கலைம்மா. நீங்க ஒரு தடவை தொட்டீங்கன்னா போதும்" என்று கண்ணில் தண்ணீரோடு. நடிப்பு நன்றாகவே வந்தது.

அவர் சிரித்துவிட்டார். "நான் தொட்டா சரியாகும்னா முதல்ல என் முட்டியைத் தொட்டுக்க மாட்டேனா? தெருமுனையில எலும்பு டாக்டர் இருக்கார். நல்லாப் பார்க்கறாராம். போய்க் காட்டுங்க."

சொம்புக்காரப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. டாக்டரிடம் போனேன். மாத்திரை கொடுத்திருக்கிறார். பரவாயில்லை.

ஒரு நாள் தூணுக்குப் பின்னால் நின்று பாடத்தை ஒட்டுக் கேட்டேன். எங்கே குடும்பத்தை வெறுக்கச் சொல்லித் தருகிறாரோ என்றுதான். மிளகு கேட்டாள்: "அம்மா, நான் எப்போ கரையேறுவேன்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நானே தண்ணியிலதான் நிக்கறேன். கரையேறினவங்க துறையைக் காட்டிட்டுப் போயிட்டாங்க. அவங்க காட்டின இடம் இதுதான்னு எனக்கு முன்னாடி நின்னவங்க கை காட்டினாங்க. நான் உனக்குக் கை காட்டறேன். இறங்கறது உன் காலு. இறங்காம திரும்பிப் போனாலும் அது உன் காலுதான். நான் கோவிச்சுக்க மாட்டேன்."

சம்பந்தியம்மா, மயக்குகிறவர்கள் பேசுகிற பேச்சாக அது எனக்குப் படவில்லை.

பிறகுதான் அந்த முடியைக் கேட்டேன். மிளகும் பக்கத்தில் தண்ணீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு உங்க கையில விழுந்த முடி யாருது?" என்றேன்.

"முடியா?" என்று என்னைப் பார்த்தார். "என் கையில முடி எதுவும் இல்லையே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ எதுக்கும்மா எழுந்தீங்க? பூச்சியா?"

"இல்லை."

"பின்னே?"

"அது அந்த வீட்டோட இருக்கட்டும்மா" என்று சொல்லிப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். மேலே எத்தனை விதமாகக் கேட்டும் வாய் திறக்கவில்லை. வக்கீல்கள் குடைந்து குடைந்து கேட்டு வாங்குவதைப் பார்த்தவள் நான். இந்த வாயை எந்த வக்கீலாலும் திறக்க முடியாது.

இன்னொன்று. அவர் பேசும்போது மிளகின் கையிலிருந்த துணி நழுவித் தண்ணீர் எல்லாம் கொட்டிவிட்டது. வாசல் வரை என் பின்னாலேயே வந்தாள். "பாட்டி, இதை அந்தப் பாட்டிக்கு எழுதாதீங்க, ப்ளீஸ்" என்றாள். ஏன் என்று கேட்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

எழுதிவிட்டேன். முடி சமாச்சாரத்தில் தங்களைச் சந்தேகப்பட்டதற்கு வருந்துகிறேன். என்னை எப்போது விடுவிப்பதாக உத்தேசம்?

தங்கள் மருமகளின் அம்மா


ஜூலை 26

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் மகள் வந்து, "ஏம்மா, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

முதல் கடிதத்தில் ஏழு பேர் என்று எழுதினேன். தப்பு. மூன்றாவது கவளத்தின்போது ஆறு பேர்தான்.

நான் சொல்கிறபடி நினைத்துப் பாருங்கள். முதல் கவளம், பால். என் மகன் வைத்தான். இரண்டாவது பழத்துண்டு, மிளகு வைத்தாள். வைத்துவிட்டு அந்தம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள், சாமியைப் பார்ப்பது போல. அவளை அவன் பார்த்தான். அப்புறம் "வெந்நீர் எடுத்துட்டு வரேன்" என்று பின்பக்கம் போனான். மூன்றாவது பருப்பு, உங்கள் மகள் வைத்தாள். நீங்கள் கிண்ணம் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். நானும் சொம்புக்காரியும் சுவரோரம். எல்லோரும் பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தோம், சத்தமாக.

அப்போது குளியலறைக் குழாய் திறந்து கொட்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது. விடிவதற்கு முன்னாலேயே எல்லாத் தண்ணீரையும் வடிகட்டிக் காய்ச்சி அண்டாவில் நிரப்பி வைத்தவள் நான். ஆகாரம் நடக்கும்போது குழாயைத் தொடாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். எந்தக் கழுதை திறந்தது என்று நினைத்தேன். அதே நேரத்தில் விரல் விரிந்தது, பருப்பு சிதறியது, நீங்கள் கத்தினீர்கள். அவன் கடைசியாக வந்தான். கையில் வெந்நீர் இல்லை. முகம் கழுவின ஈரம். கண் சிவப்பு. "என்னம்மா ஆச்சு?" என்றான். புகை என்று நினைத்தேன். அடுப்பு அணைத்தாகிவிட்டது என்பது அப்போது தோன்றவில்லை.

தடைகள் முப்பத்திரண்டு. முடி ஒன்று. செத்த பூச்சி ஒன்று. பக்கத்தில் யாராவது துக்கம் தாங்காமல் அழுவது காதில் விழுந்தால் அதுவும் ஒன்று. இதை நாம் எல்லோரும் மறந்தோம். முடியையும் பூச்சியையும் தேடித் தேடி, இதை மறந்தோம். ஆனால் என் மகன் மறந்திருக்க மாட்டான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது அவனுடைய அப்பா தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே இந்த முப்பத்திரண்டையும் சொல்ல வைப்பார். அழுகை என்கிற தடை வரும்போது மட்டும் ஒவ்வொரு தடவையும் நிறுத்திக் கேட்பான்: "குழந்தை அழுதாலுமாப்பா?"

வாசலில் நின்று மனசு சுத்தம் என்று முதலில் சொன்னது யார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அவனைப் பெற்றவள் நான், எனக்குக் கேட்கவில்லை. கூட வாழ்கிறவளுக்குக் கேட்கவில்லை. மணையில் உட்கார்ந்திருந்த அந்நியப் பெண்மணிக்குக் கேட்டிருக்கிறது. ஆனால் இன்னொருத்திக்கும் கேட்டிருக்கும். கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்கார வைத்து, கொசு பறக்கிற மாதிரி சத்தம் போட்டுக் கேட்டால் கை தூக்கச் சொல்கிறவள். அவள் காது எப்படிப்பட்ட காது! போய்க் கேளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


ஆகஸ்ட் 4

சம்பந்தியம்மா,

கேட்டேன்.

"கேட்டுச்சு பாட்டி. அவங்க விரலைத் திறந்ததும் என்னைத்தான் பார்த்தாங்க. எனக்கும் கேட்டுச்சுன்னு அவங்களுக்குத் தெரியும்."

"ஏண்டி சொல்லலை?"

"அப்பா அதுக்குத்தானே குழாயைத் திறந்தாரு? யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு ஒருத்தர் அழுதா, கேட்டுச்சுன்னு போய்ச் சொல்றதா?"

"அந்தப் பாட்டி மேல பழி விழுந்துச்சே!"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பாவே சொல்லிடுவாருன்னு காத்துட்டிருந்தேன். குரத்தியம்மாவும் அதுக்குத்தான் காத்துட்டிருக்காங்க. வாயில மட்டும் சரின்னு சொன்ன சம்மதம் அவங்களுக்கு வேண்டாமாம். பாட்டியோட 'வேண்டாம்'ங்கறதை எப்படியாவது பேசிச் சரி பண்ணிடலாம், உங்க அப்பாவோட 'சரி'ங்கறதை என்ன பண்றதுன்னு கேட்டாங்க."

சம்பந்தியம்மா, எனக்கு ஒரு வேண்டுகோள். மாப்பிள்ளை அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். இதை அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டால் உடைந்து போவார். முடி என்னுடையது, என் கவனக்குறைவு என்று எல்லோர் முன்னாலும் நான் சொல்லிவிடுகிறேன். சாயத்தையும் சேர்த்தே சொல்கிறேன். தங்கள் மேலுள்ள பழி போய்விடும். விஷயம் முடிந்துவிடும்.

இன்னொன்று, மிளகு சொல்லச் சொன்னது. தீட்சைக்கு நிற்கிறவர்கள் எல்லா உயிரிடமும் மன்னிப்புக் கேட்டு, எல்லா உயிரையும் மன்னிக்க வேண்டும். அவள் தங்களிடம் கேட்கிறாள். தாங்களும் யார் மேலும் எதையும் வைத்துக்கொள்ளாமல் மனத்தை இறக்கி வைத்துவிட்டால் அவளுக்கு நிம்மதியாக இருக்குமாம்.

தங்கள் மருமகளின் அம்மா


ஆகஸ்ட் 13

சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் பழி ஏற்க வேண்டாம். செய்யாத குற்றத்தைச் சுமந்தால் முதுகு எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சாயத்தையும் சேர்த்துச் சொல்கிறேன் என்றீர்களே, அதை மறக்க மாட்டேன். நல்லதையும் நான் மறக்கிறதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கதவைத் திறந்தது அவன்தான். "என்னம்மா, சொல்லாம கொள்ளாம..." என்றான். நான் நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். திரும்பி வந்து, குரத்தியம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்தேன்.

"என்ன அத்தை இது? தண்ணி வீணாப் போகுது" என்று தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்தாள் உங்கள் மகள்.

"போகட்டும். உன் புருஷனை உள்ளே போய் நிக்கச் சொல்லு. அன்னைக்கு நின்ன இடத்துல."

அவன் நகரவில்லை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவன் முகம் எப்படி இருக்கும்? நான் பார்த்ததில்லை, அவன் தினமும் பார்க்கிறவன். அப்படித்தான் இருந்திருக்கும்.

"அவ முகத்தைப் பார்த்து வேண்டாம்னு சொல்ல வரலைம்மா" என்றான். "அவ்வளவு சந்தோஷமா இருந்தா. நீ சொல்லிட்டே. உன்னால முடிஞ்சுது. உனக்கு யாரு என்ன நினைச்சாலும் கவலையில்லை."

"அழுததைக் கேக்கலைடா. அழுதா அழு. மனுஷன்தானே. முடி, முடின்னு எல்லாரும் என்னைப் பார்த்தாங்களே, அப்போ நீ என்ன நினைச்சே? உனக்குக் காரணம் தெரியும். முப்பத்திரண்டும் உனக்கு மனப்பாடம்."

குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது.

"நிம்மதியா இருந்துச்சும்மா" என்றான்.

என் மகன் பொய் சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை, பயமாக இருந்தது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் ஒரு உண்மையை நேராகச் சொன்னான், அதுவும் இந்த உண்மையை.

உங்கள் மகள்தான் போய்க் குழாயை மூடினாள். திரும்பி வந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். "நான் எவ்வளவு பேசிட்டேன் அத்தை" என்று அழுதாள். என் புடவையின் கரை நனைந்துபோனது.

வியாழக்கிழமை பஸ்ஸில் அவனை அனுப்புகிறேன். மண்டபத்துக்குக் கூட்டிப் போங்கள். நீங்கள் வெளியில் நில்லுங்கள். போகாதே என்றால் போகாதே என்று மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அழுகை வந்தால் அவள் எதிரிலேயே அழட்டும். அதற்கப்புறமும் அவள் போகிறேன் என்று சொல்லி, அவனும் நிஜமாகவே சரி என்றால், என்னுடைய சம்மதமும் அதோடு சேர்ந்தது. இதை நான் வாயால் சொன்னதாகவே குரத்தியம்மாவிடம் சொல்லுங்கள். சந்தோஷத்தோடு கொடுக்கவில்லை, ஆனால் பொய் இல்லாமல் கொடுக்கிறேன். அவருக்கு அது போதும் என்று நினைக்கிறேன். கை காட்டுகிறவர் வாயைக் கட்டியும் இருப்பார் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. இரண்டு நாள் பட்டினியோடு வெயிலில் நடந்தவர், என் மகனின் மானத்தை மடியில் முடிந்துகொண்டே போயிருக்கிறார். அவரைச் சந்தேகப்பட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன் என்றும் சொல்லுங்கள்.

உங்கள் முடியை இத்துடன் வைத்திருக்கிறேன். காகிதத்தைப் பிரிக்கும்போது காற்றடிக்காத இடமாகப் பார்த்துப் பிரியுங்கள்.

மிளகு கேட்ட மன்னிப்பு. காகிதத்தில் எழுதிவிட்டு மனத்தில் வேறு வைத்துக்கொள்கிறவள் நான் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொருவராகச் சொல்கிறேன். எறும்பு, ஈ, பல்லி, கண்ணுக்குத் தெரியாத உயிர் எல்லாவற்றையும் பொறுத்தேன், அவையும் என்னைப் பொறுக்கட்டும். சொம்புக்காரியை, எனக்கு முதுகு காட்டி நின்றதற்காக, பொறுத்தேன். என் மருமகளைப் பொறுத்தேன். உங்களைப் பொறுத்தேன். காது கேட்டும் வாய் திறக்காத மிளகைப் பொறுத்தேன், என் கண்ணே அவள். இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது: என் வீட்டுக்காரரின் உச்சியில் கை வைத்தானே, அந்த ஆளையும், அவன் கட்டியிருந்த துணியின் கரையையும் பொறுத்தேன்.

மீதி ஒருத்தன் இருக்கிறான். அவனுக்கு பஸ்ஸில் சாப்பிட நானே சோறு கட்டிக் கொடுப்பேன். அவன் சட்டைப் பொத்தான் அறுந்திருந்தால் தைத்துக் கொடுப்பேன். அவனுக்காகக் குரத்தியம்மா சொன்னாலும், இருபத்துநான்கு பேரும் கோயிலை விட்டு இறங்கி வந்து சொன்னாலும், மனசு சுத்தம் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு, என் மேல் பழி விழுந்தபோது நிம்மதியாக இருந்த அவனை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்.

என் மகனை.